மரு... தானா உதிருமா, நாமா எடுக்கணுமா?

கை விரலில் சொரசொரப்பாக ஒரு மரு எட்டிப் பார்த்தால் போதும், வீட்டுக்கு வருகிற எல்லாரும் வைத்தியராகிவிடுவார்கள். ‘குதிரைவால் முடி வாங்கி இறுக்கிக் கட்டு, நாலு நாள்ல விழுந்துடும்’ என்பார் பெரியப்பா. ‘சுண்ணாம்பையும் சோப்பையும் குழைச்சு வை’ என்பார் பக்கத்து வீட்டு அக்கா. ‘அம்மான் பச்சரிசியைக் கிள்ளி அந்தப் பாலைத் தொட்டு வச்சா போயிடும்மா’ என்பார் பாட்டி. ‘கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடறேன்னு வேண்டிக்கோ’ என்பார் அம்மா. நான்கு பேருமே தங்கள் வைத்தியம் பலித்ததற்கு ஆள் காட்டுவார்கள் என்பதுதான் வேடிக்கை. பொய்யும் சொல்ல மாட்டார்கள்.

மரு என்பது வைரஸ் தொற்று. பெரும்பாலானவர்களுக்கு அது ஒருநாள் தானாகவே மறைந்துவிடும். குழந்தைகளுக்கு வரும் மருக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, எந்த வைத்தியமும் இல்லாமலேயே இரண்டு வருடங்களுக்குள் போய்விடுகின்றன. அப்படிப் போகிற நேரத்தில் நாம் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ, பேர் அதற்குப் போய்விடுகிறது. அதனால் மருவுக்கு வைத்தியம் தேடும்போது, ‘இதுக்குப் போகுமா?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இதனால தழும்பு விழுமா?’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. தானாகப் போகக்கூடிய ஒன்றுக்காக ஆயுசுக்கும் ஒரு தழும்பை வாங்கிக்கொள்வது நஷ்டக் கணக்கு.

எங்கிருந்து வருது இந்த மரு?

மருவை உண்டாக்குவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக ஹெச்.பி.வி. 1907-ல் ஜிசெப்பே சியூஃபோ என்ற இத்தாலிய மருத்துவர் மருவை அரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடிகட்டி, அந்தச் சாற்றைத் தன் தோலிலேயே செலுத்திக்கொண்டார். சில மாதங்களில் அவருக்கு மரு வந்தது. பாக்டீரியாவைவிடச் சின்னதான ஏதோ ஒன்றுதான் மருவைப் பரப்புகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஹெச்.பி.வி என்றதும் பலருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம். இந்தக் குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. புற்றுநோயோடு அதிகம் தொடர்புடையவை 16, 18 போன்ற எண்கள் கொண்டவை. கை, கால்களில் மருவை உண்டாக்குபவை பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள். ஒரே குடும்பப் பெயர்தான், குணம் வேறு. விரலில் வந்த மரு கர்ப்பப்பைக்குப் போய்ப் புற்றுநோயாக மாறுவதில்லை.

தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் இருந்தாலே இந்த வைரஸ் உள்ளே வந்துவிடும். மேல்தோலின் அடி அடுக்கில் குடியேறி, அங்கிருக்கும் செல்களை வேகமாகப் பெருக வைக்கும். ரத்தத்துக்குள் இறங்காது, காய்ச்சல் தராது. சத்தமே போடாமல் மேல்தோலில் மட்டுமே பிழைப்பை ஓட்டுவதால், நம் நோய் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். தொற்று ஏற்பட்டு மரு வெளியே தெரிவதற்கும் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். அதனால், ‘போன வாரம் அவங்க வீட்டுக்குப் போனோம், அங்கதான் ஒட்டிக்கிச்சு’ என்று யாரையும் கைகாட்ட முடியாது.

மருவுக்கு வேர் உண்டு என்றும், அதைத் தோண்டி எடுக்காவிட்டால் மறுபடி முளைக்கும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மருவைச் சீவினால் உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளிகளைத்தான் வேர் என்று நினைக்கிறார்கள். அவை ரத்தம் உறைந்துபோன மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். மருவுக்கு வேரே கிடையாது. ஊசியையும் பிளேடையும் வைத்துத் தோண்டுபவர்களுக்குக் கிடைப்பது சீழும் தழும்பும், கூடவே பக்கத்தில் இன்னும் நாலு மருவும்தான்.

மருன்னு நினைச்சது மருதானா?

தோலில் துருத்திக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நாம் மரு என்றே சொல்கிறோம். சில ஊர்களில் பாலுண்ணி என்பார்கள். வைத்தியத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்தப் பெயரால்தான் வருகிறது.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் சின்னக் காம்போடு தொங்கும் மெத்தென்ற சதையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் இதை ‘ஸ்கின் டேக்’ என்பார்கள். இது வைரஸால் வருவதல்ல, யாருக்கும் ஒட்டாது. தோலோடு தோல் உரசும் இடங்களில் வரும். உடல் எடை அதிகமானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதிகம் பார்க்கலாம். திடீரென்று கழுத்தைச் சுற்றி நிறைய வந்தால், சங்கிலி உறுத்துகிறதே என்று கவலைப்படுவதோடு நிறுத்தாமல் ஒருமுறை சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பெரியப்பாவின் குதிரைவால் முடி ஜெயித்தது இந்த இடத்தில்தான். காம்பை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று சதை காய்ந்து விழுந்துவிடும். ஆனால், கட்டிய இடத்தில் கிருமி ஏறிச் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. வைரஸ் மருவுக்கோ பெரும்பாலும் காம்பே இருக்காது. தரையில் அப்பிய மாதிரி உட்கார்ந்திருக்கும், முடியை எங்கே கட்டுவது?

நடுத்தர வயதில் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் வருமே, அதுவும் வைரஸ் அல்ல. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும். அழகுக்காக எடுத்துக்கொள்ளலாம், ஆபத்தில்லை.

வைரஸ் மரு எப்படி இருக்கும்? விரல்கள், புறங்கை, முழங்கால், நகத்தின் ஓரம் ஆகிய இடங்களில் காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்பாக மேலெழுந்திருக்கும். தோலில் உள்ள ரேகைகள் அதன் மேல் ஓடாமல் விலகிப்போகும். முகத்திலும் கழுத்திலும் முள் மாதிரி, நூல் மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு வகை வரும். இன்னொன்று தட்டை மரு. முகத்திலும் புறங்கையிலும் லேசாகத் தடித்து, தோலின் நிறத்திலேயோ பழுப்பாகவோ இருக்கும். பல சமயம் கோடு போட்ட மாதிரி வரிசையாக வரும். சொறிந்த பாதையில், ஷேவிங் செய்த பாதையில் வைரஸ் இறங்கியதன் அடையாளம் அது.

அதிகம் ஏமாற்றுவது பாதத்தில் வரும் மரு. உடல் எடை அழுத்துவதால் மேலே வளர முடியாமல் உள்நோக்கிப் பதிந்துவிடும். ‘கால் ஆணி’ என்று நினைத்துக் கார்ன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். கால் ஆணி என்பது செருப்பின் அழுத்தத்தால் தோல் காய்த்துப்போவது, அது தொற்று அல்ல. வித்தியாசம் தெரிய ஒரு எளிய வழி: நேராக அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கிள்ளினால் வலித்தால் பெரும்பாலும் மரு. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மருவாக இருக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

எப்படிப் பரவுது?

தோலோடு தோல் தொட்டால் பரவும். துண்டு, ரேஸர், நகவெட்டி, செருப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டாலும் பரவும். ஈரத்தில் ஊறிய தோல் வைரஸுக்குத் திறந்த கதவு. அதனால்தான் ஹாஸ்டல் குளியலறையிலும் நீச்சல் குளத்தைச் சுற்றியும் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் பாதத்தில் மரு வருகிறது. நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு நகத்தைச் சுற்றி வரும். அதே பழக்கத்தால் உதட்டுக்கும் போகும். கறிக்கடை, மீன்கடையில் வேலை செய்பவர்களின் கைகளில் மரு அதிகம் வருவதும் மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்துவரும் விஷயம். நாள் முழுவதும் ஈரத்திலும் குளிரிலும் கை இருக்கும், கத்தியோ எலும்போ முள்ளோ கீறிக்கொண்டே இருக்கும்.

ஒரே வைரஸைத் தொட்ட எல்லாருக்கும் மரு வந்துவிடுவதும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும்தான் அதிகம். வீட்டில் ஒருவருக்கு மரு இருந்தால் அவரைத் தனித்தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவைப்பதெல்லாம் தேவையில்லை. துண்டும் ரேஸரும் தனியாக இருந்தால் போதும்.

ஆண்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தாடி வளரும் இடத்தில் மரு இருந்தால், அது போகும் வரை பிளேடு போட்டு மழிக்காதீர்கள். டிரிம்மரில் லேசாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்வதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கால் முடியை ஷேவ் செய்யும் பெண்களுக்கும் இது பொருந்தும். ஒரு மரு இருந்த இடத்தில் முப்பது வருவது பெரும்பாலும் இந்தப் பிளேடால்தான்.

எடுக்கணுமா, விடலாமா?

வலி இல்லை, ஒன்றிரண்டுதான் இருக்கிறது, பார்வைக்கும் உறுத்தவில்லை என்றால் சும்மா விட்டுவிடலாம். குழந்தைகள் விஷயத்தில் இது நல்ல முடிவும்கூட. பெரியவர்களுக்குத் தானாகப் போக அதிக காலம் ஆகும், சிலருக்குப் பல வருடங்கள்கூட நீடிக்கும்.

நடக்கும்போது வலிக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை, அடிபட்டு அடிபட்டு ரத்தம் வருகிறது, எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது என்றால் எடுத்துவிடுவதுதான் சரி. மனக்கஷ்டத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பள்ளியில் கையை மறைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளையிடம் ‘ரெண்டு வருஷத்துல தானா போயிடும்’ என்று சொல்வது ஆறுதல் ஆகாது.

வீட்டுல செய்யக்கூடியது இது ஒண்ணுதான்!

கை, கால் மருவுக்கு வீட்டிலேயே பயன்படுத்தக்கூடிய மருந்துகளில் ஆய்வுகளின் ஆதரவு அதிகம் பெற்றது சாலிசிலிக் அமிலம். பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தோடு சேர்த்து, சுமார் 17 சதவிகித அளவில் சின்ன பாட்டிலில் பெயின்ட் மாதிரி கிடைக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ‘நானும் போட்டேன், ஒண்ணும் ஆகல’ என்று பலர் சொல்லக் கேட்கலாம். விசாரித்தால் பத்து நாள் போட்டுவிட்டு நிறுத்தியிருப்பார்கள். இது 12 வாரங்கள் வரை விடாமல் போட வேண்டிய மருந்து. இரண்டாவது வாரத்தில் கைவிட்டால் காசுதான் போகும்.

போடும் முறையிலும் விஷயம் இருக்கிறது. இரவு தூங்கப் போகும் முன் மருவை வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஊறி வெளுத்த மேல் தோலை நெயில் ஃபைலால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள், ரத்தம் வரும் வரை தேய்க்கக் கூடாது. இந்த ஃபைலை வேறு எதற்கும், வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலினை வட்டமாகத் தடவுங்கள். பிறகு மருந்தை மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். பாதத்தில் இருந்தால் மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். மறுநாள் இரவு அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். தோல் சிவந்து எரிந்தால் இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி தொடங்கலாம். இந்த பெயின்ட்டில் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால் அடுப்பு, விளக்கு பக்கத்தில் வைத்துத் திறக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது? மரு தட்டையானால் போதாது. தோலின் ரேகைகள் அந்த இடத்தில் மறுபடி நேராக ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் மிச்சமிருக்கும் வைரஸ் திரும்பத் தலையெடுக்கும்.

இதை முகத்திலும் பிறப்புறுப்பிலும் மச்சத்தின் மேலும் தடவவே கூடாது. சர்க்கரை நோயாளிகள், காலில் ரத்த ஓட்டம் குறைவானவர்கள், பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள் பாதத்தில் போடவே கூடாது. அவர்களுக்கு மருந்து சுடுவதே தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். கர்ப்பிணிகளும், சின்னக் குழந்தைகளுக்குப் போட நினைக்கும் பெற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

டக்ட் டேப் ஒட்டினால் போகும் என்று இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 2002-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சின்ன ஆய்வு அப்படிச் சொன்னது உண்மைதான். பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. கெடுதல் பெரிதாக இல்லை, நம்பிக்கையும் பெரிதாக வைக்க வேண்டாம்.

டாக்டர்கிட்ட போனா என்ன செய்வாங்க?

தோல் மருத்துவரிடம் இதற்கு ஒரே ஒரு வழி இல்லை, பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியிலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. ‘ஒரே சிட்டிங்ல கேரன்டி’ என்று விளம்பரம் செய்யும் இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அவர்களால் மருவை எடுக்க முடியும், தோலுக்குள் மிச்சமிருக்கும் வைரஸை முழுவதுமாக எடுத்ததாக யாராலும் சொல்ல முடியாது.

க்ரையோதெரபி என்பது மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைப்பது. சில விநாடி வேலைதான். சுருக்கென்று எரியும், அடுத்த நாள் கொப்புளம் வரலாம், பிறகு காய்ந்து உதிரும். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் அந்த இடம் வெளுத்துப்போகும் வாய்ப்பு இருக்கிறது. சிலருக்கு மாதக்கணக்கில் நிறம் திரும்பாது. முகத்தில் செய்வதற்கு முன் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இந்த வலி அதிகம்.

எலெக்ட்ரோகாட்டரி, ரேடியோஃப்ரீக்வன்ஸி என்று சொல்லப்படுபவை மின்சார வெப்பத்தால் மருவைச் சுட்டு எடுப்பவை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மருவுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். பாதத்தில் செய்தால் தழும்பு விழுந்து, மரு போன பிறகும் நடக்கும்போது வலி நிற்கலாம் என்பதால் பல மருத்துவர்கள் அங்கே தயங்குவார்கள். லேசருக்கும் தழும்பு, மறுபடி வருதல் ஆகிய இரண்டு சிக்கலும் உண்டு, செலவும் கூடுதல்.

எதற்கும் மசியாத மருவுக்கு வேறு ஒரு பாதையில் போகிறார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும் நோய் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புவதுதான் அந்தப் பாதை. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர் தடுப்பூசி மருந்தையோ, வைட்டமின் டி3-யையோ பெரிய மருவுக்குள் சிறிதளவு செலுத்துகிறார்கள். உடல் அந்த இடத்துக்குப் படையை அனுப்பும்போது, பக்கத்தில் ஒளிந்திருக்கும் வைரஸும் மாட்டிக்கொள்கிறது. பலன் கிடைப்பவர்களுக்கு, ஊசி போடாத மருக்களும் சேர்ந்து உதிர்வதுண்டு. கை முழுக்க இருபது, முப்பது மருக்கள் உள்ளவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சுடுவதைவிட இது எவ்வளவோ மேல். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் எம்.எம்.ஆர் போட முடியாது.

இதற்கெல்லாம் பெரிய கிளினிக்தான் போக வேண்டும் என்றில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சுண்ணாம்பு, எருக்கம்பால், ஆசிட்...

சுண்ணாம்பு காரம். சோப்போடு, சில இடங்களில் சோடாவோடு சேர்த்துக் குழைக்கும்போது அதன் வேகம் கூடும். மருவைச் சுடும் என்பது உண்மை. ஆனால், மரு எங்கே முடிகிறது, நல்ல தோல் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. காரப் புண் தொட்ட இடத்தோடு நிற்காமல் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். முகத்திலும் கழுத்திலும் இப்படி உண்டாகிற தழும்பு சிலருக்கு மேடாகத் தடித்துவிடும். மருவைவிடப் பெரிய பிரச்னை அது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் குச்சியில் தொட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

எருக்கம்பால் தோலில் எரிச்சலைத் தரும். கண்ணில் தெறித்தால் கருவிழியையே பாதிக்கும். இமைக்குப் பக்கத்தில் இருக்கும் மருவுக்கு இதைத் தொட்டு வைப்பது, சின்ன விஷயத்துக்குக் கண்ணைப் பணயம் வைப்பது. அம்மான் பச்சரிசியின் பாலும் சிலருக்குத் தோலில் எரிச்சலைத் தரக்கூடியதுதான். பச்சைப் பூண்டை நசுக்கி இரவு முழுக்கக் கட்டிவைத்தால் கொப்புளம் வரும். குழந்தைகளின் தோலில் இன்னும் சீக்கிரம் வரும்.

கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தோலைத் தொடாத வைத்தியம், தாராளமாகப் போடலாம். மனசுக்கு நிம்மதி கிடைக்கும், மருவுக்குத் தானாக உதிர அவகாசமும் கிடைக்கும். பாட்டிகள் சொன்னதிலேயே பத்திரமான வைத்தியம் இதுதான் என்பேன்!

குழந்தைங்களுக்கு வர்ற முத்து மாதிரி கட்டிகள்

குழந்தையின் வயிறு, அக்குள், தொடை, முகத்தில் முத்து மாதிரி பளபளப்பாக, நடுவில் சின்னக் குழியோடு பொரிப்பொரியாக வந்தால், அது மேலே சொன்ன மரு அல்ல. அதன் பெயர் மொலஸ்கம். நம் ஊரில் இதையும் பாலுண்ணி என்றே சொல்வார்கள். இது வேறு வைரஸ். 1980-ல் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை வைரஸின் தூரத்து உறவு. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அண்ணன் மாதிரி உயிரைக் குடிக்கும் குணம் இதற்குக் கிடையாது.

ஆரோக்கியமான குழந்தைக்கு இது பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் தானே போய்விடும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். மறையப்போகும் நேரத்தில் ஒவ்வொன்றும் சிவந்து வீங்கும். நோய் முற்றிவிட்டது என்று பதறி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பார்கள். உடல் வைரஸோடு சண்டை போடும் அறிகுறிதான் அது. காய்ச்சல், கடுமையான வலி, சீழ் இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

நகத்தால் நசுக்கி உள்ளே இருக்கும் வெள்ளையை எடுப்பதுதான் இதில் செய்யவே கூடாதது. அந்த வெள்ளைதான் வைரஸ் மூட்டை. தொட்ட இடமெல்லாம் பரவும். தோல் வறட்சி, அரிப்பு உள்ள குழந்தைக்கு இன்னும் வேகமாகப் பரவும் என்பதால், குளித்ததும் மாய்ஸ்சரைசர் தடவுவதும், நகத்தை ஒட்ட வெட்டுவதும் இங்கே வைத்தியத்தில் பாதி. குளிப்பாட்டத் தனித் துண்டு வேண்டும். அண்ணன் தம்பியை ஒரே டப்பில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். பள்ளிக்கு அனுப்பலாம். உடை மூடாத இடத்தில் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டி அனுப்புங்கள்.

நிறைய வந்துவிட்டாலோ, கண் இமையோரத்தில் வந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் க்ரீம் தடவிச் சுரண்டி எடுப்பார்கள், அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை அளவோடு எழுதிக் கொடுப்பார்கள். ஒரு வகை வண்டிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட கேன்தாரிடின் என்ற கொப்புள மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா இதற்காக அனுமதி கொடுத்தது. அதை மருத்துவர் கையால்தான் வைக்க வேண்டும்.

அந்தரங்க இடத்துல வந்தா...

வெட்கத்தால் மறைத்து, மருந்துக்கடையில் கேட்டு எதையாவது தடவிப் புண்ணாக்கிக்கொள்வது இங்கேதான் அதிகம் நடக்கிறது. பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் மரு, பெரும்பாலும் தாம்பத்திய உறவில் பரவுவது. 6, 11 ஆகிய ஹெச்.பி.வி வகைகளால் வருவது. இந்த வகைகளால் புற்றுநோய் வரும் அபாயம் மிகக் குறைவு. ஆனால், இவை வந்த வழியிலேயே ஆபத்தான வகைகளும் வந்திருக்கலாம் என்பதால் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தொற்று ஏற்பட்டுப் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் மரு தெரியலாம். எனவே, மருவைப் பார்த்ததும் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு அந்த இடத்தில் மரு வந்தால், அதட்டாமல், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் இருந்த மரு பரவியதாகவும் இருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம். அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வகை மருவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2023 ஜனவரியில் அறிமுகமான இந்தியத் தயாரிப்பான செர்வாவேக், 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். கை, கால் மருவை இது தடுக்காது. வந்துவிட்ட மருவைப் போக்கும் மருந்தும் அல்ல. உறவில் ஈடுபடத் தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டுக்கொள்வதில்தான் முழுப் பலன்.

இவங்க தள்ளிப்போடக் கூடாது

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு ‘மரு’ வந்து வளர்ந்துகொண்டே போனால், அதை மரு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ரத்தம் கசிவது, புண்ணாகி ஆறாமல் இருப்பது, நிறம் மாறுவது ஆகியவற்றை எந்த வயதிலும் அலட்சியம் செய்யக் கூடாது. நம் நாட்டவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அரிதுதான். ஆனால், வரும்போது பாதத்திலும் நகத்துக்கு அடியிலும் வருவதுண்டு. பாதத்தில் கறுத்துப் பரவும் எதையும் ஆணி என்று நினைத்துச் சீவிக்கொண்டிருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருத்துவர் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்வார். ‘கத்தி பட்டா பரவிடும்’ என்று பயந்து அதை மறுக்காதீர்கள்.

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், ஹெச்.ஐ.வி தொற்று உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பவர்கள் ஆகியோருக்கு மரு நிறைய வரும், எளிதில் போகாது. ஆரோக்கியமாகத் தெரியும் பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று உடலெங்கும் மருவோ மொலஸ்கமோ கிளம்பினால், மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது அதனால்தான்.

எடுத்த மரு அதே இடத்தில் மறுபடி வந்தால், செய்த வைத்தியம் தவறு என்று உடனே மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை. எந்த முறையில் எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். கடுகளவு இருக்கும்போதே போய்க் காட்டினால் ஒரே தடவையில் வேலை முடிய வாய்ப்பு அதிகம்.